பரணில் ஏறியதெல்லாம் திரும்ப இறங்குமா? – வாசகர் கேள்வி பதில்

சின்ன வீட்டில் சாமான்களை எங்கே, எப்படி வைப்பது என்று கேட்டு வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில். ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் விவரம் அதிகமுள்ள கடிதத்தை எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: 550 சதுர அடி ஃப்ளாட். நாங்கள் இருவர், பிள்ளைகள் இருவர், மாதத்தில் பத்து நாள் வந்து தங்கும் மாமியார். ஒரு ஸ்டீல் பீரோ, இரண்டு பரண், சமையல் மேடைக்குக் கீழே அலமாரி. எல்லாமே நிரம்பி வழிகிறது. இன்னொரு பீரோ வாங்கச் சொல்கிறார் கணவர். வாங்கலாமா? – வாசகி, குரோம்பேட்டை

கொஞ்சம் பொறுங்கள். வழக்கமான பீரோ 3 அடி அகலம், 19 அங்குல ஆழம், ஆறரை அடி உயரம். கதவைத் திறக்க முன்னால் ஒன்றரை அடியாவது விட வேண்டும். ஆக ஏறத்தாழ 9 சதுர அடி தரை போய்விடும். ஒருவர் பாய் விரித்துப் படுக்கிற இடத்தில் பாதிக்கு மேல் அது. மாமியார் வரும் பத்து நாளும் அந்த இடம் உங்களுக்கு வேண்டும்.

நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் இடக்குறைவு பாதி, ஆழம் பாதி என்று தோன்றுகிறது. சமையல் மேடையின் ஆழம் 2 அடி. கீழுள்ள அலமாரியும் அதே ஆழம். குனிந்து கை விட்டால் சிரமமில்லாமல் எட்டுவது முன்னாலுள்ள ஓர் அடிதான். பின்னாலுள்ள ஓர் அடிக்குள் போனது கண்ணிலிருந்தும் நினைவிலிருந்தும் போய்விடும். சேமியா பாக்கெட் மூன்று சேர்வது இப்படித்தான். இதற்கு 20 அங்குல நீளம், 8 முதல் 10 அங்குல அகலமுள்ள பிளாஸ்டிக் ட்ரேக்களை நீளவாக்கில் உள்ளே விடுங்கள். டப்பாக்களை ட்ரேயில் வரிசையாக வைத்தால், ட்ரேயை இழுத்ததும் பின்வரிசையும் வெளியே வந்துவிடும். அளவெடுக்கும்போது சுவருக்குச் சுவர் எடுக்காதீர்கள். கதவைத் திறந்து வைத்து, கீலும் கதவும் அடைத்தது போக மிஞ்சும் வாயகலத்தை அளக்க வேண்டும். அரை அங்குலம் தவறினால்கூட ட்ரே உள்ளே நுழையும், கீலில் மாட்டிக்கொண்டு வெளியே வராது.

உயரத்துக்கு ஒரே கணக்கு. முழங்காலிலிருந்து கண் உயரம் வரை தினமும் தொடுகிற சாமான். அதற்குக் கீழே கனமானவை: அரிசி, எண்ணெய் டின், கிரைண்டர். கண்ணுக்கு மேலே வாரத்துக்கு ஒரு தடவை எடுப்பவை. பரணில் வருஷத்துக்கு மூன்று நான்கு முறைக்கு மேல் இறங்காதவை. பல வீடுகளில் தலைகீழாக இருக்கும். தினமும் வேண்டிய இட்லிக் கொப்பரை பரணில். கல்யாணப் பரிசாக வந்து பிரிக்காத டின்னர் செட் கைக்கெட்டும் தட்டில்.

பரணை ஒழுங்குபடுத்த ஒரு நாளைக்கு ஒரு பரண் போதும். இரண்டையும் ஒன்றாக இறக்கினால் அன்று ராத்திரி படுக்க இடமிருக்காது. மறுநாள் எல்லாம் அப்படியே மேலே போய்விடும். ஒரு பரணை முழுவதும் காலி செய்து, துடைத்து, மூலையில் மண்கோடு தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். தெரிந்தால் அது கரையான். மருந்து அடித்த பிறகே சாமான் ஏற வேண்டும். இரண்டு அடி ஆழப் பரணில் இரண்டு வரிசை கொள்ளும். பின்வரிசையில் வருஷத்துக்கு ஒருமுறை எடுப்பவை, முன்வரிசையில் அடிக்கடி இறங்குபவை. கனமானது சுவர் ஓரமாக இருக்கட்டும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பரணின் விளிம்பில் அண்டாவை உட்கார வைக்காதீர்கள். ஒரு பெட்டி 10 கிலோவுக்கு மேல் போகக் கூடாது. ஸ்டூலில் நின்று தலைக்கு மேல் தூக்கப்போவது நீங்கள்தான். ஸ்டூல் என்றால் இரும்பு ஸ்டூல் அல்லது ஏணி, பிளாஸ்டிக் நாற்காலி கணக்கில் வராது.

அட்டைப்பெட்டி வேண்டவே வேண்டாம். அதன் நெளிவுகளுக்குள் கரப்பான் முட்டைக்கூடு வைக்கும், சுவரில் ஓதம் ஏறினால் அட்டை அதை உறிஞ்சும், கரையானுக்கு அதுவே சாப்பாடு. மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியோ பழைய டிரங்குப் பெட்டியோ நல்லது. சுவரை ஒட்டாமல் இரண்டு விரல் இடைவெளி விடுங்கள். பெட்டியின் முன்பக்கத்தில் 1, 2, 3 என்று பெரிதாக எண் எழுதி, எந்த எண்ணில் என்ன என்ற பட்டியலை அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டிவிடுங்கள். பெட்டி மேலேயே விவரம் எழுதினால் ஒரு வருஷத்தில் உள்ளே இருப்பது மாறிவிடும், எழுத்து மாறாது.

இவ்வளவும் செய்து முடித்த பிறகும் சாமான் தரையில் மிஞ்சினால் அப்போது பீரோவைப் பற்றிப் பேசலாம்.

கேள்வி: மாதம் 25 கிலோ அரிசி மூட்டை, துவரம்பருப்பு 3 கிலோ, பயறு வகைகள் ஒவ்வொரு கிலோ வாங்குகிறோம். நல்ல மூடி போட்ட டிரம்மில் வைத்தும் வண்டு வருகிறது. காற்றுப் புகாத டப்பாவில் வண்டு எப்படி நுழையும்? – வாசகி, திருப்பூர்

நுழைவதில்லை, நீங்களே உள்ளே கொண்டுவந்து விடுகிறீர்கள். அரிசி வண்டு அரிசியைத் துளைத்து உள்ளே முட்டையிட்டு, துளையை அடைத்துவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. நம்மூர் வெயிலுக்குச் சுமார் ஒரு மாதத்தில் புது வண்டு வெளியே வரும். மூட்டை வாங்கிய மூன்றாவது, நான்காவது வாரத்தில் திடீரென்று வண்டு கிளம்புவதற்குக் காரணம் இதுதான்.

பயறு வண்டின் கதை வேறு. அது முழுப் பயறின் மேல்தோலில் முட்டையை ஒட்டிவைக்கும். பாசிப்பயறு, தட்டப்பயறு, கொண்டைக்கடலை வாங்கும்போது உள்ளங்கையில் பரப்பிப் பாருங்கள். சின்ன வெள்ளைப் புள்ளிகள் இருந்தால் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். உடைத்த பருப்பில் இது குறைவு.

வீட்டில் நடக்கிற பெரிய தப்பு, அடியில் இரண்டு கிலோ பழைய அரிசி இருக்கும்போதே மேலே புது மூட்டையைக் கொட்டுவது. பழைய அரிசியிலுள்ள வண்டு புதியதற்குக் குடியேறுகிறது. அடி அரிசி வருஷக்கணக்கில் அடியிலேயே கிடக்கிறது. டிரம்மைக் காலி செய்து, கழுவி, முழு நாள் வெயிலில் காய வைத்து, மூடியின் உள்விளிம்பையும் ரப்பர் வளையத்தின் அடியையும் துணியால் துடைத்த பிறகு கொட்டுங்கள். பழையது ஒரு தூக்கில் தனியே போகட்டும், முதலில் அது சமையலுக்கு.

அளவு பார்த்து வாங்குவதும் முக்கியம். ஒரு லிட்டர் கொள்ளளவில் சுமார் 800 கிராம் அரிசியோ பருப்போ பிடிக்கும். 25 கிலோ அரிசிக்கு 32 லிட்டர் டிரம் சரி. 50 லிட்டர் டிரம் வாங்கினால் தரை வீணாவதோடு மேலே காற்றும் நிறைய இருக்கும். வண்டுக்கு அது வசதி. கோதுமை மாவு லேசானது. 5 கிலோவுக்கு 9 லிட்டராவது வேண்டும்.

காய்ந்த மிளகாய், வேப்பிலை, வசம்பு எல்லாம் வண்டை வராமல் கொஞ்சம் தடுக்கும். அரிசிக்குள் ஏற்கெனவே இருக்கும் முட்டையை அவை ஒன்றும் செய்யாது. வேப்பிலையைப் பச்சையாகப் போட்டால் அதன் ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும்; நிழலில் சருகாகக் காய்ந்தபின் துணியில் முடிந்து போடுங்கள். துவரம்பருப்புக்கும் முழுப் பயறுக்கும் கிலோவுக்கு ஒரு டீஸ்பூன், அதாவது 5 மில்லி விளக்கெண்ணெய் தடவிப் பிசறி வைக்கும் பழைய முறை நன்றாகவே வேலை செய்கிறது. கழுவிவிட்டுச் சமைத்தால் ருசி மாறாது. பருப்பையும் பயறையும் நல்ல வெயிலில் காய வைக்கலாம். அரிசியை உச்சிவெயிலில் பரப்பினால் விரிசல் விட்டு, சோறு குருணையாக உடையும். அதை நிழலில், மின்விசிறிக் காற்றில் உலர்த்த வேண்டும். மைதா, ரவை போன்றவற்றை வாங்கியவுடன் பாக்கெட்டோடு ஃப்ரீசரில் நான்கு நாள் வைத்து எடுத்தால் முட்டை செத்துவிடும். எடுத்ததும் பாக்கெட்டைப் பிரிக்காதீர்கள். அறைச் சூட்டுக்கு வரும்வரை விடாவிட்டால் உள்ளே ஈரம் வியர்த்துக் கட்டி பிடிக்கும்.

மூட்டை கணக்கில் வாங்கி வைப்பவர்கள், கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் உருவாக்கிய துளைக்குழாய்ப் பொறியைக் கேட்டு வாங்கலாம். ஓட்டைகள் போட்ட குழாய் அது. தானியத்துக்குள் செருகி வைத்தால், காற்றைத் தேடி வரும் வண்டுகள் ஓட்டை வழியாக உள்ளே விழுந்து அடியில் சேரும். எத்தனை விழுந்தன என்று பார்த்தாலே மூட்டையின் நிலை தெரிந்துவிடும்.

போரிக் பவுடர் கலந்து வைக்கலாமா என்று இன்னொரு வாசகி கேட்டிருக்கிறார். சாப்பிடும் தானியத்தில் கூடாது.

கேள்வி: பட்டுப்புடவைகளுக்கு நடுவே அந்துருண்டை போட்டு, பிளாஸ்டிக் கவரில் சுற்றித்தான் வைத்திருக்கிறேன். இரண்டு வருஷம் கழித்துப் பிரித்தால் ஜரிகை கறுத்து, மடிப்பில் துணி விட்டுப்போயிருக்கிறது. 12 புடவைக்கு பீரோவில் ஒரே தட்டுதான் தர முடியும். – வாசகி, கும்பகோணம்

கவரை முதலில் எடுங்கள். கட்டிய புடவையில் வியர்வை ஈரம் இருக்கும். பிளாஸ்டிக் அதை வெளியே விடாது. ஜரிகையில் வெள்ளி இருப்பதால் ஈரமும் கந்தகமும் பட்டால் கறுக்கும். வாசனை திரவியத்தை நேராக ஜரிகையில் அடிப்பதும் அதே வேலையைச் செய்யும்.

கட்டி அவிழ்த்ததும் நிழலில் கொடியில் மூன்று நான்கு மணி நேரம் ஆறப்போடுங்கள். பாயசம், எண்ணெய் பட்ட இடத்தை அன்றே கவனியுங்கள். பட்டைத் தின்னும் புழு முதலில் தேடி வருவது கறையும் வியர்வையும் பட்ட இடத்தைத்தான். பிறகு துவைத்த, கஞ்சி போடாத பழைய வெள்ளை வேட்டியிலோ காடாத் துணியிலோ சுற்றுங்கள். கஞ்சி இருந்தால் ராமபாணப் பூச்சி வரும். கஞ்சி போட்ட காட்டன் புடவைகளைப் பட்டோடு சேர்த்து அடுக்காததற்கும் இதே காரணம்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்ற வேண்டும். பழைய கோட்டிலேயே மறுபடி மடித்தால் பயனில்லை. முதலில் நான்காக மடித்திருந்தால் அடுத்த முறை மூன்றாக மடியுங்கள். கோடு தானாக இடம் மாறிவிடும். கனமான பார்டர் உள்ளவை அடியில், லேசானவை மேலே. ஒன்றின்மேல் ஒன்றாக ஆறுக்கு மேல் வேண்டாம். அடிப்புடவையின் மடிப்புதான் முதலில் இறும். 19 அங்குல ஆழத் தட்டில் ஆறு ஆறாக இரண்டு அடுக்கு பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் 12 புடவையும் அடங்கும்.

அந்துருண்டை போடுவதென்றால் சின்னத் துணிப்பையில் கட்டி, துணியில் படாமல், மேல் தட்டில் வையுங்கள். அதன் ஆவி காற்றைவிடக் கனம், கீழ்நோக்கித்தான் இறங்கும். அதோடு பூஜைக் கற்பூரத்தைச் சேர்த்துப் போடாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் வெயில் சூட்டிலேயே இளகிக் கசிந்து துணியில் கறையாகும். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் குழந்தைத் துணி, போர்வை இருக்கும் பீரோவில் அந்துருண்டையே கூடாது. ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு அந்த ஆவியாலேயே ரத்தச் சிவப்பணுக்கள் உடையும். பல வீடுகளில் குழந்தைக்கு அந்தக் குறைபாடு இருப்பதே அதுவரை தெரிந்திருக்காது. வசம்புத் துண்டு போதும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதிது மாற்றுங்கள்.

விட்டுப்போன மடிப்புக்கு வைத்தியம் குறைவு. அந்த இடத்துக்கு அடியில் மெல்லிய வலைத் துணி வைத்துத் தைத்துத் தருவார்கள். ஒன்றிரண்டு முறை கட்டலாம்.

கேள்வி: ஐந்து படி கொலு. பொம்மைகளைப் பத்திரமாகத்தான் கட்டுகிறோம். ஆனாலும் வருஷா வருஷம் இரண்டு மூன்றில் பெயின்ட் உரிகிறது. – வாசகர், மயிலாப்பூர்

கட்டுகிற நாளைப் பாருங்கள். விஜயதசமி முடிந்து பொம்மைகளைப் படுக்க வைத்து எடுக்கும் நாட்களில்தான் வடகிழக்குப் பருவமழை தொடங்கும். ஈரக்காற்றில் கொஞ்சம் கொஞ்சமாக ஈரம் குடித்த மண் பொம்மையை அப்படியே சுற்றி மூடினால், உள்ளே இருக்கும் ஈரம் பெயின்ட்டைத் தள்ளிக்கொண்டுதான் வெளியே வரும். சம்பிரதாயத்துக்கு ஒரு பொம்மையைப் படுக்க வையுங்கள். கட்டும் வேலையை மழை விட்ட வெயில் நாளுக்குத் தள்ளுங்கள். அதற்குள் பொம்மைகள் ஒரு மேசையில், மின்விசிறியடியில் இருக்கட்டும்.

சுற்றும் முறை: முதல் சுற்று மெல்லிய பழைய பருத்தித் துணி, அதன்மேல் செய்தித்தாள். செய்தித்தாள் நேராகப் பட்டால் அச்சு மை வெள்ளை நிறப் பகுதிகளில் ஒட்டும். குமிழ் பிளாஸ்டிக் நேராகப் பட்டால் கோடைச் சூட்டில் பெயின்ட்டில் வட்ட வட்டமாகத் தடம் விழும். பரண் கூரைக்கு அருகில் இருப்பதால் மேல்மாடி வீட்டில் சித்திரை, வைகாசியில் அங்கே சூடு அதிகம். பொம்மையை நிறுத்தி வையுங்கள். படுக்க வைத்தால் கழுத்திலும் நீட்டிய கையிலும்தான் எடை இறங்கும். விளாச்சேரி மண் பொம்மைகள் கனமானவை, தனிப் பெட்டியில் ஒரே அடுக்கு. பண்ருட்டி காகிதக்கூழ் பொம்மைகள் லேசு. இரண்டடுக்கு வைக்கலாம், ஆனால் எலியும் பூச்சியும் அவற்றைத்தான் தேடும். மூடி இறுக்கமான பெட்டி அவற்றுக்கு. தசாவதாரம், செட்டியார் கடை போன்ற செட்டுகளைப் பிரிக்காமல் ஒரே பெட்டியில் போட்டு, எண்ணிக்கையை மூடியில் எழுதுங்கள்.

கேள்வி: பிள்ளைகளின் புத்தகத்துக்காகச் சுவரில் ஷெல்ஃப் அடித்தோம். மூன்றே மாதத்தில் ஸ்க்ரூவோடு பிடுங்கிக்கொண்டு விழுந்தது. நல்லவேளை, அப்போது யாரும் அங்கே இல்லை. மறுபடி அடிக்கலாமா? – வாசகர், ஓசூர்

முதலில் என்ன சுவர் என்று தெரிய வேண்டும். விழுந்த ஓட்டையிலேயே அது எழுதியிருக்கும். சிவப்புத் தூள் வந்தால் செங்கல்; நல்லது. வெள்ளையாக, கோலமாவு போலப் பொலபொலவென்று கொட்டினால் லேசு பிளாக். டிரில் போடும்போது திடீரென்று உள்ளே பாய்ந்தால் ஹாலோ பிளாக், நடுவில் பொந்து.

செங்கல் சுவரென்றால் தப்பு பெரும்பாலும் ஆழத்தில். பூச்சு மட்டுமே அரை அங்குலத்துக்கு மேல் இருக்கும். சின்ன பிளாஸ்டிக் பிளக் போட்டால் அதில் பாதி பூச்சுக்குள்ளேயே நின்றுவிடும். பூச்சு எடை தாங்காது. 8 மில்லிமீட்டர் பிட்டில் 60 மில்லிமீட்டர் ஆழம் துளைத்து, தூளை ஊதி எடுத்து, பிளக் முழுவதும் செங்கல்லுக்குள் போகும்படி தட்டி, 50 மில்லிமீட்டருக்குக் குறையாத ஸ்க்ரூ போட வேண்டும். தூளோடு பிளக்கை அடித்தால் அது சுழலும், பிடிக்காது. இரண்டு செங்கல் சேரும் சாந்துக் கோட்டில் ஓட்டை விழுந்தால் ஓர் அங்குலம் தள்ளிப் போடுங்கள். சுவிட்சு போர்டுக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் துளைக்கவே கூடாது, சுவருக்குள் ஒயர் அந்த வழியாகத்தான் ஓடும்.

ஹாலோ பிளாக்கில் சாதாரண பிளக் பொந்துக்குள் விரிந்து சும்மா தொங்கும். உள்ளே போய்ச் சிறகு விரிக்கும் பட்டர்ஃபிளை ஆங்கர் வேண்டும். லேசு பிளாக்குக்கென்றே நீளமான நைலான் பிளக் தனியாக விற்கிறது. டிரில்லின் ஹேமர் அடி இல்லாமல், சுழற்சியில் மட்டும் துளைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஓட்டை அகன்றுவிடும்.

புத்தகத்தின் எடையைப் பலரும் குறைத்து மதிப்பிடுகிறார்கள். ஓர் அடி நீளம் புத்தகம் நெருக்கி அடுக்கினால் 8 முதல் 10 கிலோ. மூன்றடித் தட்டு 30 கிலோவை நெருங்கும். தட்டுக்கு 19 மில்லிமீட்டர் பிளைவுட் போடுங்கள், இரண்டு அடிக்கு ஒரு பிராக்கெட். பிராக்கெட்டின் நீளம் தட்டின் ஆழத்தில் மூன்றில் இரண்டு பங்காவது இருக்கட்டும். கடையில் ரெடிமேடாக வரும் துகள்பலகைத் தட்டுகள் நடுவில் தொய்யும், தண்ணீர் பட்டால் ஊதும்.

வாடகை வீடு என்றாலோ சுவரில் நம்பிக்கை இல்லை என்றாலோ தரையில் நிற்கும் ஸ்லாட்டட் ஆங்கிள் ரேக் வாங்கிவிடுங்கள். ஓர் அடி ஆழம் போதும். உச்சியில் ஸ்க்ரூவால் சுவரோடு பிணைத்துவிட்டால் சாயும் ஆபத்து குறையும்.

கேள்வி: இரண்டாவது சிலிண்டரை மேடைக்குக் கீழே கதவு போட்ட அலமாரியில் வைத்திருக்கிறோம். மேலே தெரியாமல் அழகாக இருக்கிறது. சரியா? – வாசகி, திருச்சி

சரியில்லை. சமையல் கேஸ் காற்றைவிடக் கனம். கசிந்தால் மேலே போகாமல் தரையோடு தேங்கும். மூடிய அலமாரி என்றால் அங்கேயே நிறைந்து, கதவைத் திறக்கும்போது மொத்தமாக அடுப்புப் பக்கம் வரும். கதவு வேண்டுமென்றால் அடியில் தரையை ஒட்டியும் மேலேயும் காற்றோட்டத் துளைகள் இருக்க வேண்டும். கதவை எடுத்துவிட்டுத் திரை போடுவது இன்னும் சுலபம்.

உபரி சிலிண்டர் நிமிர்ந்தே நிற்க வேண்டும். பாதுகாப்பு மூடியைக் கழற்றித் தொலைத்துவிடாமல் வாயில் போட்டே வையுங்கள். ஃப்ரிட்ஜ், இன்வெர்ட்டர் பக்கத்தில் வேண்டாம். 14.2 கிலோ கேஸும் உருளையின் எடையும் சேர்ந்து 30 கிலோ இருக்கும். உருட்டி இழுக்கிற இடமாக இருந்தால் சின்ன சக்கரப் பலகை வாங்கிக்கொள்ளுங்கள். வாங்கும்போதே கழுத்து வளையத்தின் உட்புறம் பாருங்கள். ஏ, பி, சி, டி என்ற ஆங்கில எழுத்தில் ஒன்றும் வருஷமும் இருக்கும். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச், அப்படியே வரிசையாக. அந்தக் காலாண்டு கடந்த சிலிண்டரை வாங்காதீர்கள். ரப்பர் குழாயை ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும். அலமாரிக் கதவு இடுக்கில் நசுங்கும் குழாய் அதற்கு முன்பே வெடிக்கும். கசிவு வாசனை வந்தால் சுவிட்சைத் தொடாமல் ஜன்னலைத் திறந்து, வெளியே போய் 1906 எண்ணுக்கு அழையுங்கள்.

கேள்வி: பத்திரம், மார்க் ஷீட், இன்ஷூரன்ஸ், வாரன்டி கார்டு எல்லாம் ஐந்தாறு பிளாஸ்டிக் கவரில், வீட்டின் ஐந்தாறு மூலையில். ஒரே இடத்தில் எப்படி? – வாசகர், வேளச்சேரி

உங்கள் பகுதிக்கு 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பர் வெள்ளத்தையும் நினைவுபடுத்த வேண்டியதில்லை. தரைத்தளமானால் பீரோவின் கீழ்த்தட்டும் லாக்கரும் பத்திரமான இடமல்ல. மேல்தட்டில், ஜிப் உள்ள நீர்புகாப் பையில், ஒரே கையில் தூக்கிக்கொண்டு போகும்படி வையுங்கள்.

இரண்டு பை போதும். முதல் பையில் திரும்பக் கிடைப்பது கடினமானவை: கிரயப் பத்திரம், மார்க் ஷீட், பிறப்புச் சான்று, பாஸ்போர்ட். இரண்டாவதில் பாலிசி, வரி ரசீது, வாரன்டி. இரண்டாவது பையை வருஷத்துக்கு ஒருமுறை, வருமான வரிக் கணக்கு கட்டும் சமயத்தில் கொட்டிப் பார்த்துக் காலாவதியானதைக் கிழித்துப் போடுங்கள்.

ஸ்டேப்ளர் பின், குண்டூசி, ரப்பர் பேண்ட் எதுவும் கூடாது. முதலிரண்டும் துருப்பிடித்துத் தாளைத் தின்னும், மூன்றாவது உருகி ஒட்டும். மார்க் ஷீட்டை லேமினேட் செய்யாதீர்கள். வெளிநாட்டு வேலைக்குச் சான்றொப்பம் வாங்கப் போனால் லேமினேஷனைப் பிரித்துக் கொண்டுவரச் சொல்வார்கள், பிரிக்கும்போது எழுத்து உரியும். கடை பில்கள் சூட்டில் அச்சாகும் தாள். கவருக்குள் வைத்தாலும் எழுத்து மறையும், பில் வந்த அன்றே ஜெராக்ஸ் எடுத்து வாரன்டி கார்டோடு இணையுங்கள். அரசின் இணைய ஆவணப் பெட்டகமான டிஜிலாக்கரில் துறையே வழங்கிய ஆவணத்துக்கு அசலுக்குள்ள மதிப்பு உண்டு. நீங்கள் படமெடுத்து ஏற்றியதற்கு அந்த மதிப்பு இல்லை.

கேள்வி: மாமியார் சீதனமாகக் கொண்டுவந்த பித்தளை அண்டா, குண்டான், செம்புத் தவலை, வெண்கலப் பானை. ஒன்றையும் கொடுக்க விடமாட்டார். பாதிப் பரண் அதற்கே. எப்படிச் சொல்வது? – வாசகி, தஞ்சாவூர்

எப்படிச் சொல்வது என்பது எங்கள் துறை இல்லை. எப்படி அடுக்குவது என்று சொல்கிறோம். காலி பாத்திரம் காற்றை அடைத்து வைத்திருக்கிறது. பெரியதுக்குள் சின்னது என்று அடுக்கினால் ஆறு பாத்திரம் ஒரு அண்டாவின் இடத்தில் அடங்கும். எல்லாவற்றுக்கும் உள்ளே இருக்கும் கடைசிக் குண்டானில் கரண்டி, ஜாரிணி, விளக்குத் திரி, பண்டிகைத் தாம்பாளத் துணி என்று துணியில் முடிந்து போடுங்கள். பரண் பாதி திரும்பக் கிடைக்கும்.

புளி போட்டுத் துலக்கியதும் நன்றாக அலசி, வெயிலில் காய வையுங்கள். புளியும் உப்பும் விளிம்பு மடிப்பில் மிஞ்சினால் அங்கே பச்சைக் களிம்பு பிடிக்கும். இடையில் துணி வைக்காமல் செருகினால் சிக்கிக்கொள்ளும். சிக்கினால் சுத்தியலால் தட்டாதீர்கள். உள்பாத்திரத்தில் ஐஸ் தண்ணீர் ஊற்றி, வெளிப்பாத்திரத்தைச் சுடுநீரில் உட்கார வைத்தால் உள்ளது சுருங்கி, வெளியே உள்ளது விரிந்து கழன்றுவிடும். வெண்கலப் பானையைத் தனியே வையுங்கள். பித்தளை விழுந்தால் நெளியும், வெண்கலம் விழுந்தால் விரிசல் விடும்.

வெள்ளிச் சாமான் கறுக்கிறது என்று கேட்ட ஈரோடு வாசகிக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறோம்: ரப்பர் பேண்டிலும் ரப்பர் விரிப்பிலும் கந்தகம் உண்டு. இரண்டையும் எடுத்துவிட்டு, பருத்தித் துணியில் சுற்றி, காற்றை அழுத்தி வெளியேற்றிய ஜிப் கவரில், ஒரு சாக்பீஸோடு வையுங்கள்.

கேள்வி: பாத்ரூம் சாமான்களை எல்லாம் ஒரே பக்கெட்டில் போட்டு வைக்கலாமா? – வாசகர், காரைக்குடி

பிரஷ், துடைப்பத்தைப் போடலாம். பிளீச்சிங் பவுடரையும் கழிப்பறை ஆசிட்டையும் ஒரே பக்கெட்டில் வைக்கக் கூடாது. இரண்டும் கசிந்து கலந்தால் குளோரின் வாயு கிளம்பும், சின்ன பாத்ரூமில் மூச்சு முட்டும். பிளீச்சிங் பவுடர் தனியாக, மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவில் இருக்கட்டும். இரும்பு அலமாரிக்குள் வைத்தால் அதன் ஆவியில் கீலும் பூட்டும் துருப்பிடிக்கும். ஆசிட் பாட்டில் குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில், ஆனால் உங்கள் கண் மட்டத்துக்குக் கீழே. எடுக்கும்போது கவிழ்ந்தால் முகத்தில் படக் கூடாது.